பிள்ளைகளுக்கு எந்தக் கோழி வாங்கலாம்?

 

பொங்கலுக்கு ஊருக்கு வந்துபோன நம் பிள்ளைகளில் மூன்று பேர் போனில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், பையன் கோழி வளர்க்கணும்னு அடம் பிடிக்கிறான். எந்தக் கோழி வாங்கிக் குடுக்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீச்சர் கை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாததை முதலில் சொல்கிறேன். சந்தையிலும் திருவிழாவிலும் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் ஏற்றி விற்கும் கலர் குஞ்சுகளை வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்கு ஆகாது என்று கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். பிறந்த முதல் வாரம் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி சூடு வேண்டும். தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்கு அடியில் அது கிடைக்கும். இதற்குத் தாயும் கிடையாது, பல்பும் கிடையாது. செருப்புப் பெட்டியில் துணி விரித்து வைத்துவிட்டுத் தூங்கிய பிள்ளை, விடிந்ததும் விறைத்த குஞ்சைத்தான் பார்க்கும். பிராய்லரும் வேண்டாம். நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறுவதற்கென்றே உண்டாக்கியது அது. நாள் கூடக் கூட அதன் எடையை அதன் காலே தாங்காது.

அடுத்து, பண்ணையில் இருக்கும் வெள்ளை லெகார்ன். சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-லிருந்து வாரம் ஐந்து முட்டை ஆனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "டீச்சர், இந்த முட்டையை அடை வச்சா குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்காத வகுப்பே இல்லை. பொரிக்காது. முட்டைப் பண்ணையில் சேவல் கிடையாது. அந்தக் கோழிக்கு அடைகாக்கவும் வராது. அடையில் உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும் என்பதால், உட்காராத கோழியாகப் பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக எடுத்து, வருஷத்துக்கு 300 முட்டைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வியாபாரத்துக்குச் சரி, பிள்ளைக்கு அது பாதிக் கோழிதான்.

வனராஜா, கிரிராஜா, நந்தனம் போன்றவை புழக்கடையில் வளர்ப்பதற்கென்றே ஆராய்ச்சி நிலையங்களில் உருவானவை. நல்ல எடை வரும், நாட்டுக்கோழியைவிட முட்டையும் கூட. வீட்டுக்கு முட்டை வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இவையும் அடைக்குச் சரியாக உட்காராது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவிலிருந்து வந்த கடக்நாத் கருங்கோழியும் அப்படித்தான். அலகு முதல் கால் வரை கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், விலையும் அதிகம்.

நம் ஊர்க் கோழியில் பெருவிடை பார்க்கக் கம்பீரம். ஆளோடு பழகும், ஆனால் இன்னொரு சேவலைக் கண்டால் விடாது. குஞ்சிலேயே ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். கூர்முள் உள்ள மூன்று நான்கு கிலோச் சேவலுக்கு நடுவே எட்டு வயதுப் பிள்ளையை விட வேண்டாம்.

என் பதில் சிறுவிடை. பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது, பிள்ளை இரண்டு கையால் தூக்கலாம். வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் தானே அடைக்கு உட்காரும். 21 நாள். ஏழாம் நாள் ராத்திரி, இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி ரத்தநாளம் ஓடும். எதுவும் தெரியாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. நான் உங்களை வகுப்பில் அப்படித் திட்டியபோது அர்த்தம் தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்! குஞ்சு பொரித்த பிறகு பருந்து நிழல் விழுந்தால் தாய் ஒரு குரல் கொடுக்கும். அத்தனை குஞ்சும் இறக்கைக்குள் ஓடிவிடும். எந்தப் பாடப் புத்தகத்தை வைத்தும் என்னால் அதை நடத்திக் காட்ட முடிந்ததில்லை. அதனால்தான் முட்டைக் கணக்கைப் பார்க்காதீர்கள், அடைகாக்கும் கோழியாகப் பாருங்கள் என்கிறேன்.

குஞ்சோடு ஒரு தாய்க்கோழி வாங்கினால் போதும். சம்பா அறுவடை முடிந்த தை, மாசி நல்ல காலம். களத்தில் சிந்திய நெல் கிடக்கும், தரையும் காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத் தரையில் விட்டால் ரத்தக் கழிச்சல் வரும். பக்கத்து நாற்றங்காலிலும் உளுந்து விதைத்த வயலிலும் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்தில் பாதிச் சண்டை கோழியால்தான். வெள்ளைக் கழிச்சலுக்கு ஒரு வாரக் குஞ்சில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்திலேயே போடுவார்கள். கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது. செத்த கோழியைப் பிள்ளைகள் தொடவே கூடாது.

பிள்ளையின் வேலை மூன்று. காலையில் பஞ்சாரத்தைத் திறப்பது, தண்ணீர் மாற்றுவது, சாயங்காலம் எண்ணி அடைப்பது. ஒரு நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.

இனி, இனத்தைவிட முக்கியமான ஒன்று. நாலாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை வந்தவன் யாரோடும் பேசவில்லை, சத்துணவும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தான். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருக்கிறார். மதியம் குழம்பு. இவனும் சாப்பிட்டிருக்கிறான். சாயங்காலம் எண்ணும்போது ஒன்று குறைந்திருக்கிறது. இருட்டும்வரை வாய்க்கால் கரையெல்லாம் தேடியிருக்கிறான். வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. "சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல டீச்சர்" என்றான்.

கறி சாப்பிடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் சாப்பிடுகிறோம். எது வீட்டில் இருக்கும், எது விற்கப்படும், எது குழம்புக்குப் போகும் என்பதை வாங்குவதற்கு முன்பே பிள்ளையிடம் பேசிவிடுங்கள் என்கிறேன். என் பேத்தியோடு அப்படித்தான் பேசிக்கொண்டோம். பெட்டைகள் அவளுடையவை, முட்டை நின்றாலும் இருக்கும். சேவல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடுவோம், விற்கும் சேவலுக்குப் பெயர் கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். பிறகு ஒன்றுக்கு ரகசியமாகப் பெயர் வைத்துவிட்டாள். அந்தச் சேவல்தான் இப்போது எங்கள் வீட்டில் விடியற்காலையில் கூவுகிறது.

எங்கள் சிறுவிடை ஒன்று இப்போது பதினொரு முட்டையில் அடை உட்கார்ந்திருக்கிறது. மாசிக் கடைசியில் குஞ்சு தருகிறேன், வேண்டியவர்கள் போன் பண்ணுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் அவனோடு ரெண்டு வார்த்தை பேச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்