மேலே இழுக்கும் காற்று

வீட்டுக்கு பிளான் போடுவதும், கொத்தனாரை வைத்துக் கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுப்பதும் என் பிழைப்பு. வேதாரண்யத்துக்கு மேற்கே ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், தென்னம்புலம் என்று ‘புலம்’ என முடியும் ஊர்கள் வரிசையாக உண்டு. என் வேலையெல்லாம் அந்த வட்டாரத்தில்தான். டிப்ளமோ படித்தபோது மண்டையில் ஏறியது பூராவும் பாரம் கீழே இறங்கும் கணக்கு. கூரையின் எடை சுவருக்கு, சுவரின் எடை அஸ்திவாரத்துக்கு, அஸ்திவாரத்தின் எடை மண்ணுக்கு. காற்றுச் சுமைக்கும் ஒரு பாடம் இருந்தது. அது தொழிற்சாலைக் கூடத்துக்கும் உயரமான தண்ணீர்த் தொட்டிக்கும் உள்ளது என்று வகுப்பே தாண்டிப் போய்விட்டது. வீடு மேலே கிளம்பவும் பார்க்கும் என்பது எனக்குப் புரிந்தது 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன், கஜா புயலில்.

அன்றைக்கு ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்டால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். குளியலறையில் இருந்தேன்.

ஊருக்கெல்லாம் தளம் போட்டுக் கொடுக்கிறவன் வீட்டில் முன்கூடத்துக்கு ஷீட்டுதான். கையில் இருந்த காசுக்குத் தளம் பின்கட்டு வரைதான் எட்டியது. வாசல் வடக்கு. புயல் கிழக்கே கடலிலிருந்து ஏறி வரும்போது அதன் பாதையில் இருக்கிற ஊருக்கு முதல் காற்று வடக்கேயிருந்துதான் அடிக்கும். நள்ளிரவு தாண்டியதும் கதவு உள்ளே வருவதும் வெளியே போவதுமாக ஆட ஆரம்பித்தது. நானும் மச்சானும் முதுகைக் கொடுத்து நின்றோம். ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து முட்டுக்கொடுங்கள் என்று மாமியார் கத்தினார். உருட்டுவதற்குள் நடுத்தாழ்ப்பாள் தெறித்துவிட்டது. கதவு திறந்ததற்கும் கூரை போனதற்கும் நடுவே ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதுவரை தடதடத்தாலும் தாக்குப்பிடித்த ஷீட்டு, கதவு போன கையோடு மொத்தமாக எழும்பிப் போனது. கரண்ட் இல்லை, ஒன்றும் தெரியவில்லை. தலையில் மழை விழுந்த பிறகுதான் மேலே ஒன்றுமில்லை என்று உறைத்தது.

பின்கட்டில் ஆறடிக்கு ஐந்தடி குளியலறை. நான்கு பக்கமும் முக்கால் அடிச் சுவர், மேலே தளம். எல்லோரும் அதற்குள் போய் அடைந்துகொண்டோம். மாமியார் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முருகனைக் கூப்பிடுவதும் என்னைத் திட்டுவதுமாக இருந்தார். ஒரு கட்டத்தில் காற்று சட்டென்று நின்றது. புயல் போய்விட்டது என்று மச்சான் எழுந்தார். மாமியார் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் புயல் கரையேறியபோது அவர் சின்னப் பெண். நின்ற காற்று திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். அப்படியே தெற்கேயிருந்து திருப்பி அடித்தது. வடக்குக் காற்றில் வேர் அசைந்து நின்ற தென்னைகளைப் படுக்கவைத்தது அந்த இரண்டாவது காற்றுதான்.

மறுநாளிலிருந்து, நான் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ரோட்டில் மரம் கிடந்ததால் நடந்தே போனேன். எதைப் போய்ப் பார்த்தேனோ அதைவிடப் போகிற வழியில் பார்த்ததுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது. ஒரு மாட்டுக்கொட்டகை: இரும்புக் குழாய்ச் சட்டம் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. ஜே போல்ட்டுகளும் வரிசையாக அதனதன் இடத்தில், தலையில் தார் வாஷரோடு இருக்கின்றன. ஷீட்டை மட்டும் காணோம். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வாஷருக்கு அடியிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தகரம் கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒரே இழுப்பில் கிழிந்த விளிம்பு வேறு மாதிரி இருக்கும். இது பொடிப்பொடி வெடிப்பாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, கடைசியில் அறுந்திருக்கிறது. காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. விட்டு விட்டு அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஷீட்டு மேலே எம்பித் தணிய, போல்ட்டைச் சுற்றியுள்ள தகரம் மடங்கி மடங்கி ஓய்ந்துபோகிறது. இதை ஆஸ்திரேலியாக்காரர்கள் 1974 கிறிஸ்துமஸ் அன்றே பட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்று பிறகு படித்தேன். ட்ரேசி புயல் டார்வின் நகரத்து வீடுகளில் பெரும்பாலானவற்றைத் தரைமட்டமாக்கியது. ஆராய்ந்தவர்கள் கண்டது இதே களைப்பு வெடிப்பைத்தான். அதற்குப் பிறகு அங்கே கூரைத் தகட்டை ஆயிரக்கணக்கான முறை இழுத்து விட்டுச் சோதித்துத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

அந்தத் தாண்டிப் போன பாடத்தை அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. நம் கரையோரத்துக்கு அது சொல்லும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. இதில் பாதிக் கதைதான் சுவரைத் தள்ளுவது. மீதிப் பாதி, கூரைமேல் வழுக்கிப் போகும் காற்று கூரையை மேலே உறிஞ்சுவது. மழைக்காற்றில் குடை மேல்பக்கமாக மடங்குகிறதே, அதுதான். முகட்டிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த உறிஞ்சல் மற்ற இடத்தைவிட அதிகம். தகர ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதன் எடை அதைக் காப்பாற்றும் என்று நம்புவதற்கு ஒன்றுமே இல்லை. மங்களூர் ஓடு நாற்பது கிலோவுக்குப் பக்கத்தில் வரும், அதுவும் போதாது. ஆக ஷீட்டைப் போல்ட் பிடிக்க வேண்டும், போல்ட்டைச் சட்டம் பிடிக்க வேண்டும், சட்டத்தைச் சுவரின் மேல் ஓடும் கான்கிரீட் பெல்ட் பிடிக்க வேண்டும், பெல்ட்டை மூலைகளில் நிற்கும் கம்பி அஸ்திவாரம் வரை கொண்டுபோய்க் கட்ட வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றதெல்லாம் வீண். எங்கள் பக்கத்தில் ஷீட்டுக் கொட்டகைக்குக் குழாயைச் சுவரில் ஒரு செங்கல் ஆழத்துக்குப் புதைத்துச் சிமெண்ட் பூசிவிடுவது வழக்கம். புதைத்த செங்கலையும் சேர்த்தே காற்று தூக்கிக்கொண்டு போனதைப் பல வீடுகளில் பார்த்தேன்.

என் கூரை ஏன் கதவு போன பிறகு போனது என்பதற்கும் அதிலேயே பதில் இருந்தது. காற்று அடிக்கிற பக்கத்தில் ஒரு வாசல் திறந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழேயிருந்து தள்ளும். மேலே ஏற்கெனவே உறிஞ்சல். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். 1992இல் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவை ஆண்ட்ரூ சூறாவளி அடித்தபோது பல வீடுகளில் முதலில் போனது கார் நிறுத்தும் அறையின் அகலக் கதவு, அதன் பின்னாலேயே கூரை. இப்போது மயாமி பக்கத்தில் ஜன்னலுக்கு மாட்டும் தடுப்பை நான்கு கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை எய்து சோதிக்கிறார்கள். எங்கள் கடைத்தெருவிலும் ஷட்டர் உள்ளே குழிந்து விழுந்த கடைகளில்தான் கூரை போயிருந்தது. பழைய வீடுகளில் கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராகக் கணையமரம் போட இரண்டு பக்கமும் குழி விட்டிருப்பார்கள். திருட்டுக்குப் பயந்து செய்தது என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைக்கு நான் கட்டுகிற வீட்டில் மேலும் கீழும் தாழ்ப்பாள், நடுவே கணையமரம். அதற்கான குழியைச் சுவர் எழும்பும்போதே விடச் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியம்மாவின் ஓட்டுவீடு நின்றது. ஓரத்தில் இரண்டு வரிசை ஓடு போனதோடு சரி. அவரைவிட எனக்குத்தான் ஆச்சரியம். தாழ்ந்த வீடு, நாலு பக்கமும் சரிவு, இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீளாது. பரண்மேல் ஏறிப் பார்த்தேன். கைமரங்கள் சுவரில் சும்மா உட்காரவில்லை. ஒவ்வொன்றையும் ஆசாரி இரும்புப் பட்டையால் சுவர்மேல் கிடக்கும் மரத்தோடு சேர்த்து ஆணி அறைந்திருந்தார். இரண்டு பக்கச் சரிவும் முக்கோணமாக உயரும் பக்கச்சுவரும் உள்ள வீடுகளில் அந்த முக்கோணச் சுவர்தான் முதலில் விழுந்தது, கூரை அதன் கூடவே. சரிவு 22லிருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் உறிஞ்சல் குறையும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. ரொம்பத் தட்டையான ஷீட்டுக் கூரைதான் ஆபத்து. எங்கள் ஊரிலோ, ஷீட்டு மிச்சமாகும் என்று முடிந்தவரை தட்டையாகத்தான் போடுவார்கள்.

கஜாவுக்குப் பிறகு எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: கான்கிரீட் போட்டால் கவலையில்லை. நானே அதைச் சொல்லித்தான் சாப்பிட்டேன். தளம் போட்ட வீடுகள் நின்றன என்பதும் உண்மை. ஆனால் உப்புக்காற்று வீசும் ஊரில், கம்பிக்கு மேல் கலவை போதாமல் மெல்லிசாகப் போட்ட தளம் துருவேறி உப்பி, பத்திருபது வருஷத்தில் தலையில் உதிரும். அதைவிடப் பெரிய விஷயம், கூலி வேலை செய்கிறவரிடம் போய் ‘தளம் போடுங்கள்’ என்பது ஆலோசனையே அல்ல, கையைக் கழுவிக்கொள்வது. ஷீட்டுதான் முடியும் என்கிறவருக்கு ஷீட்டிலேயே என்ன செய்யலாம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஓரத்திலும் முகட்டிலும் போல்ட்டை நெருக்கிப் போடுவது, அகலமான வாஷர், துத்தநாகம் பூசிய போல்ட், நாலு மூலைக்கும் கம்பி. இதற்கு ஆகும் செலவு வீட்டு முகப்பு வேலையின் செலவில் சிறு பங்குகூட வராது. இருந்தாலும் முகப்பில் இரண்டு தூணும் மேலே ஒரு வளைவும் கேட்கிறவர் மூலைக்கம்பிக்குப் பேரம் பேசுவார். “உள்ளே மறைஞ்சு போற கம்பிக்கு எதுக்குண்ணே இத்தனை காசு?” என்று ஒருவர் கேட்டார். அவர் வீட்டு முகப்பில் கிரானைட் பதித்தாயிற்று.

தென்னையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் காற்று தூக்கிய கூரைக்குச் சமமாகத் தென்னை விழுந்து நொறுங்கிய கூரையும் உண்டு. விழுந்த இடத்திலேயே, சுவரிலிருந்து எட்டடி தள்ளி, மறுபடி கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சொன்னால் “காய்க்க இன்னும் அஞ்சு வருஷம் கிடக்கு, அப்ப பாத்துக்கலாம்” என்கிறார்கள்.

குளியலறைக்கு வருகிறேன். அந்த ராத்திரி எங்களைக் காப்பாற்றியது நான் போட்ட கணக்கு அல்ல, அந்த அறை சின்னதாக இருந்தது. சுவர்கள் நெருங்கி ஒன்றையொன்று தாங்குகின்றன, தளத்துக்கு நீளம் குறைவு, திறப்பும் சின்னது. வீடு பூராவும் புயலுக்கு நிற்கும்படி கட்டப் பணம் இல்லாதவருக்கு இப்படி ஓர் அறையையாவது அசையாமல் கட்டிக்கொடுக்கலாமே என்று தோன்றியது. அமெரிக்காவில் இதற்கென்றே அரசாங்கம் வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. நானும் ஒன்று போட்டேன்: ஷீட்டு வீட்டுக்கு நட்டநடுவே ஆறடிக்கு எட்டடியில் ஒரு குளியலறை, அஸ்திவாரத்திலிருந்து கிளம்பும் கம்பி, மேலே தளம், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கிடையாது. முதலில் காட்டியது ஆயக்காரன்புலத்தில் ஓர் அப்பத்தாவிடம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “குளிக்கிற எடத்த நடு வீட்டுலயா கட்டுவ, தம்பி? ஒங்க வீட்டுல அப்படித்தான் இருக்கா?” என்றார். எங்கள் வீட்டில் பின்கட்டில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. “அப்ப நடுவுல சாமி ரூம்பு வையி. சாமி கூட ஒக்காந்துட்டுப் போறேன்” என்று அவரே முடித்துவைத்தார்.

அதிலிருந்து அப்படித்தான் போடுகிறேன். யாரும் மறுப்பதில்லை. கம்பிக்குக்கூடப் பேரம் குறைந்துவிட்டது. சாமி இருக்கும் இடத்தில் சிக்கனம் பார்க்கச் சங்கடம் போல. குறை ஒன்றுதான். கட்டி முடித்த கொஞ்ச நாளில் அந்த அறைக்குள் நெல் மூட்டை, உரித்த தேங்காய், வாஷிங்மெஷின் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் குடியேறிவிடுகின்றன. சாமிக்கே விளக்கு வைக்கிற அளவுக்குத்தான் இடம். புரட்டாசியில் போல்ட்டுகளை முடுக்கிக் கொடுக்க ஸ்பானரோடு போகும்போது அதையும் பார்த்துவிட்டு, ஐப்பசி பிறக்கிறது, அறையைக் காலி பண்ணி வையுங்கள் என்பேன். “தீபாவளி முடியட்டும்ண்ணே” என்பார்கள். 2018இல் தீபாவளி நவம்பர் 6ஆம் தேதி. கஜா வந்தது அதற்குப் பத்தாம் நாள்.