ஏப்பத்துக்கு ஒரு வரி

2030-ம் ஆண்டிலிருந்து டென்மார்க் மாடுகள் விடும் ஏப்பத்துக்கு வரி கட்ட வேண்டும். கட்டப்போவது மாட்டுக்காரர்தான். ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஈடான வாயுவுக்கு 300 குரோனர். 2035-ல் அதுவே 750 ஆகும். 60 சதவிகிதம் கழிவு உண்டு என்பதால் கையிலிருந்து போவது முதலில் 120, பிறகு 300. அரசும் விவசாயச் சங்கமும் சுற்றுச்சூழல் அமைப்பும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, 2024-ல் எடுத்த முடிவு இது. நியூசிலாந்தும் முன்பு இப்படி ஒரு வரிக்கு முயன்று பார்த்தது. 2003-ல் விவசாயிகள் கொதித்தெழுந்து, ஒரு எம்.பி. டிராக்டரையே நாடாளுமன்றப் படிக்கட்டில் ஏற்றினார். திட்டம் கைவிடப்பட்டது.

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பேத்தி இந்தச் செய்தியை செல்போனில் வாசித்துக் காட்டியபோது, மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அம்மாயி சிரித்தே விட்டார்.

“ஏப்பத்துக்கா? அப்புறம் கொட்டாவிக்கும் போடுவாங்களாட்ட இருக்குது!”

பேத்தி சிரிக்கவில்லை. கோவையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த முறை விடுமுறைக்கு வந்ததிலிருந்து பாலைத் தொடவில்லை. காலையில் வரக்காப்பி. சோற்றுக்குத் தயிரும் வேண்டாமாம். வயிறு சரியில்லை போல என்று முதல் நாள் அம்மாயி கஷாயம் வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது.

“மாடு வளர்க்கறதால பூமி சூடாகுது அம்மாயி. அதான் பால் குடிக்கறத நிறுத்திட்டேன்.”

“என்ற மாட்டுப் பால் வேண்டாமுங்கறியா கண்ணு?”

இதற்கு என்ன பதில் சொல்வது? கட்டுத்தறியில் நிற்பவை இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள். அவை கறக்கும் பால் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் போகிறது. அந்தப் பணத்தில்தான் விடுதிக் கட்டணமும் செமஸ்டர் ஃபீஸும். பேத்திக்கும் அது தெரியும். தெரிந்திருந்ததால்தான் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை ஒரு பெரிய ஊறல் பானை மாதிரி. நமக்குச் செரிக்காத வைக்கோலையும் தட்டையும் அங்கே இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் நொதிக்க வைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. அந்த வேலையில் மிஞ்சும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் இன்னொரு வகை நுண்ணுயிரி மீத்தேனாக மாற்றுகிறது. அந்த வாயு பெரும்பாலும் வாய் வழியாகத்தான் ஏப்பமாக வெளியேறும். பின்பக்கம் வழியாகப் போவது கொஞ்சம்தான். இணையத்தில் சுற்றும் கேலிப்படங்கள் எல்லாம் மாட்டின் தப்பான முனையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன!

அமெரிக்கக் கறவை மாடு ஒன்று ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் மீத்தேன் விடுகிறது. நம் பக்கத்துக் கறவை மாடு விடுவது அதில் ஏறக்குறைய பாதி. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும்; 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு. ஆனால் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். இன்றைக்குக் குறைத்தால், அதன் பலனை இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் நாற்பது வயதுக்குள் பார்த்துவிடலாம். பேத்தியின் அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

உலக அளவில் மனிதரால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 18 சதவிகிதம் என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2006-ல் சொன்னது. 2013-ல் 14.5 என்றது. 2023-ல் சுமார் 12. மாடுகள் திருந்திவிட்டதாக நினைக்க வேண்டாம். கணக்குப் போடும் முறை மாறிக்கொண்டே வருகிறது. 12 என்றே வைத்துக்கொண்டாலும் சின்ன எண் இல்லை.

ஏப்பத்தோடு கதை முடிந்துவிடுவதும் இல்லை. கொட்டடியில் அடைத்து ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகளில் தீவனம்தான் பெரிய செலவு. பிரேசிலில் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள், சோயா விதைத்தார்கள். அந்த சோயா கப்பலேறி சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ப் பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. மக்காச்சோளத்துக்குப் போடும் ரசாயன உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு கிளம்புகிறது. அது கரியமில வாயுவைப்போல் 270 மடங்குக்கு மேல் வீரியம். பிறகு சாணம். பெரிய பண்ணைகளில் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் குளம் மாதிரி தேக்கிவைக்கிறார்கள். காற்றுப் புகாத அந்தக் குழம்பிலிருந்து மீத்தேன் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். சுமார் 60 லட்சம் பேர் வாழும் டென்மார்க்கில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் பன்றிகள் மக்கள்தொகையைப்போல் பல மடங்கு. வரி ஏன் அங்கே முதலில் வந்தது என்பது இப்போது விளங்கும்.

அம்மாயி வீட்டுச் சாணம் எருக்குழியில் காய்ந்து, சித்திரையில் காட்டுக்குப் போகிறது. காற்றோட்டமாகக் காயும் சாணத்தில் மீத்தேன் மிகக் குறைவு. கொல்லைப்புறத்தில் பழைய கோபர் கேஸ் தொட்டி ஒன்றும் இருக்கிறது. சிலிண்டர் வந்த பிறகு யாரும் சாணம் கரைத்து ஊற்றாமல், இப்போது பூசணிக்கொடி படர்ந்து கிடக்கிறது. இதையெல்லாம் பார்த்தபின் பேத்தியின் குரல் சற்று இறங்கியது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். லிட்டர் கணக்கில் பார்த்தால் பெரிய பண்ணைதான் ஜெயிக்கும். அமெரிக்க மாடு ஒரு நாளைக்கு 30 லிட்டருக்கு மேல் கறக்கிறது. காங்கேயம் பசு இரண்டு மூன்று லிட்டரோடு நின்றுவிடும். ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்று வகுத்தால் நாட்டு மாடுதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். பண்ணை முதலாளிகள் இந்தக் கணக்கைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் முழுக் கணக்கு இல்லை. காங்கேயம் மாடு ஏர் இழுத்தது, வண்டி இழுத்தது, எரு போட்டது. மனிதன் சாப்பிட முடியாத தட்டைத் தின்றுவிட்டு இத்தனையும் செய்த மாட்டின் ஏப்பம் முழுவதையும் பால் கணக்கிலேயே எழுதுவது நியாயமா? தவிர, லிட்டருக்குக் குறைந்தாலும் மாடுகளின் எண்ணிக்கையும் தீவனமும் ஏறிக்கொண்டே போனால் வானத்தில் சேரும் மொத்தம் ஏறத்தான் செய்யும்.

2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பசுவும் காளையும் 19 கோடிக்கு மேல், எருமை சுமார் 11 கோடி. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் மீத்தேனை 30 சதவிகிதம் குறைக்கும் உறுதிமொழியில் பல நாடுகள் சேர்ந்தபோது இந்தியா சேரவில்லை. ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயியின் வாயில் அடிக்க முடியாது என்பது அரசின் வாதம். அந்த வாதம் அம்மாயி வீட்டுக்கு அப்படியே பொருந்தும். அதே வாதத்தின் நிழலில் பெரிய பண்ணைகளும் வந்து ஒதுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சூட்டின் அடி முதலில் விழுவதும் இந்தக் கட்டுத்தறியில்தான். கத்திரி வெயிலில் ஜெர்சி கலப்பினம் நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்கும், தீனி எடுக்காது, பால் குறைந்துவிடும். அம்மாயி ஈரச்சாக்கைப் போர்த்தி, மதியம் ஒரு முறை தண்ணீர் அடித்துவிடுகிறார். “முன்னையெல்லாம் சித்திரைக் கடைசிலதான் இப்படி. இப்ப மாசிலயே ஆரம்பிச்சுருது” என்கிறார். பூமி சூடாவதைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஏப்பத்தைக் குறைக்கும் ஒரு மருந்தைத் தீவனத்தில் கலக்க ஐரோப்பாவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. கறவை மாட்டில் ஏறக்குறைய 30 சதவிகிதம் மீத்தேன் குறைகிறது. 2024 கடைசியில் பிரிட்டனில் அதைப் பற்றி வதந்தி கிளம்ப, சிலர் வாங்கிய பாலைக் கழிவறையில் ஊற்றி வீடியோ போட்டார்கள். நம் நாட்டில் பெங்களூரில் உள்ள கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம் ‘ஹரித் தாரா’ என்ற தீவனக் கலவையை உருவாக்கியிருக்கிறது. துவர்ப்புச் சத்துள்ள தாவரங்களிலிருந்து செய்தது. 17 முதல் 20 சதவிகிதம் வரை குறைக்கும் என்கிறார்கள்.

துவர்ப்பு என்றதும் அம்மாயி நிமிர்ந்தார். “வேலங்காயும் துவர்ப்புத்தானே? கொறங்காட்டுல வெள்வேல மரத்துக் காய பொறுக்கிப் பொறுக்கித் தின்னுமே ஆடு, மாடெல்லாம்.” கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் விட்டு வளர்த்த கொறங்காடு இந்தப் பக்கத்து மேய்ச்சல் முறை. இப்போது அதில் பாதி மனைக்கட்டாகிக்கொண்டிருக்கிறது. வேலங்காய் மீத்தேனை எவ்வளவு குறைக்கும் என்பதை ஆராய்ச்சிக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்குப் பேத்தி நோட்டில் முதலில் எழுதிக்கொண்டது அந்தக் காயின் பெயரைத்தான்.

அடுத்ததாக ஒரு கணக்குப் போட்டாள். இரண்டு மாட்டுக்கும் ஆண்டுக்குச் சுமார் 146 கிலோ மீத்தேன். 28-ஆல் பெருக்கினால் நான்கு டன். டென்மார்க் வரி இங்கே வந்தால் 480 குரோனர், நம் பணத்தில் ஏறக்குறைய 6,000 ரூபாய்.

“ஒரு மாசத் தீவனக் காசு!” என்றார் அம்மாயி. “அந்தப் பணத்த வாங்கி என்ன பண்ணுவாங்களாம்?”

“முதல் ரெண்டு வருஷத்துக்கு விவசாயத்துல மாற்றம் கொண்டுவர்றதுக்கே திருப்பித் தருவாங்களாம் அம்மாயி.”

“நம்மகிட்ட வாங்கி நமக்கே குடுக்கறதுக்கு எதுக்குக் கண்ணு வாங்கோணும்? சொசைட்டில லிட்டருக்கு ரெண்டு ரூவா சேர்த்துக் குடுத்து, இந்தத் தீவனம் போட்டாத்தான்னு சொன்னா போடாம இருப்பமா?”

பேத்தி அதையும் எழுதிக்கொண்டாள்.