மேலே இருந்த டிக்கெட்

போன மே மாசம் திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். பி.காம் பையனுக்கு எல்லா ஆபீஸ்லயும் கிடைக்கிற வேலைதான்: பில் அடுக்கறது, ஜெராக்ஸ் எடுக்கறது, டிக்கெட் போடறது. அந்த டிக்கெட்லதான் மாட்டினேன்.

முதலாளிக்கு டெல்லியில காலை பத்து மணிக்கு மீட்டிங். கோயமுத்தூர்ல இருந்து முந்தின நாள் சாயங்காலமே கிளம்பற மாதிரி டிக்கெட் போடச் சொன்னார். தேடினா முப்பது, நாப்பது விமானம் வரிசையா வந்துது. மேலே இருந்ததுதான் மலிவு. நேரடி விமானத்தை விட 1,400 ரூபாய் கம்மி. கம்பெனிக்கு மிச்சம் பண்ணிட்டோம்னு பெருமையா அதையே போட்டுட்டேன். புறப்படற நேரம் கொட்டை எழுத்துல இருந்துது. சேர்ற நேரத்துக்குப் பக்கத்துல சாம்பல் நிறத்துல, கடுகு சைஸ்ல ஒரு '+1'. அது என் கண்ணுல படவே இல்லை.

அறுபது வயசு மனுஷன், முட்டி வலிக்காரர். ராத்திரி முழுக்க மும்பை விமான நிலையத்துல நாற்காலியில உட்கார்ந்திருந்துட்டு, டெல்லியில இறங்கினதும் நேரா மீட்டிங்குக்குப் போயிருக்கார். வந்ததும் திட்டுவார்னு நடுங்கிட்டு இருந்தேன். "பரவால்லீங் தம்பி, அடுத்த தடவை போய்ச் சேர்ற நேரத்தையும் பாத்துக்கோங்க"ன்னார். திட்டியிருந்தா தேவலை.

தப்பு என்னுதுதான். ஆனா எது மேலே வருதுங்கறது சின்ன விஷயமில்லைங்க. அமெரிக்காவுல 1970கள்ல இருந்து டிராவல் ஏஜென்டுகள், விமானக் கம்பெனிகளே நடத்தின கணினிகள்லதான் டிக்கெட் தேடினாங்க. அமெரிக்கன் ஏர்லைன்ஸோட சேபர் அதுல பெரிசு. ஏஜென்டுகள் முதல் திரையைத் தாண்டறது அபூர்வம். அது தெரிஞ்சே சொந்த விமானங்களை மேலே வர வெச்சாங்க. கடைசியில 1984ல அரசாங்கமே அப்படி அடுக்கக் கூடாதுன்னு விதி போட்டுது. 2004ல அந்த விதியையும் எடுத்துட்டாங்க.

இதை நல்லபடியா செஞ்சவங்களும் இருக்காங்க. 2010ல ஹிப்மங்க்னு ஒரு தளம் வந்துது. ஒவ்வொரு விமானத்தையும் நேரக் கோட்டுல ஒரு பட்டையா வரைஞ்சு காட்டும். பயணம் நீளம்னா பட்டையும் நீளம். நடுவுல காத்திருக்கற நேரம் தனியாத் தெரியும். விலை, நேரம், எத்தனை இடத்துல இறங்கி ஏறணும் எல்லாத்தையும் சேர்த்து 'அவஸ்தை'ன்னு பேர் வெச்சு வரிசைப்படுத்தினாங்க! கம்பெனிப் பயணச் செலவுக்கு மென்பொருள் செய்யற கான்கர் 2016ல அதை வாங்கிச்சு. 2020ல மூடிட்டாங்க.

என்னைக் கேட்டா, ஆபீஸ் பயணத்துக்கான பக்கம் முதல்ல கேக்க வேண்டியது 'எத்தனை மணிக்கு அங்கே இருக்கணும்?'ங்கறதுதான். அதுக்குப் பிந்திச் சேர்றதெல்லாம் கீழே போகட்டும். ராத்திரி நடுவுல தங்கணும்னா '+1' போதாது, 'இரவு முழுவதும் மும்பையில் காத்திருக்க வேண்டும்'னு முழுசா எழுதட்டும். பெட்டிக்கு எவ்வளவு, தேதி மாத்தினா எவ்வளவுன்னு விலை பக்கத்துலயே தெரியட்டும். கம்பெனியோட ஜிஎஸ்டி எண் போடற கட்டத்தையும் ஒளிச்சு வைக்க வேண்டாம். அதை விட்டுட்டா உள்ளீட்டு வரி வரவு எடுக்கறதுக்குள்ள அக்கவுன்டன்ட் அண்ணனுக்கு உயிர் போகும்.

வாய்ப்புச் செலவுன்னா என்னன்னு பரீட்சையில மனப்பாடமா எழுதி மார்க் வாங்கினவன் நான். 1,400 ரூபாய் மிச்சம்னு கணக்குப் போட்டப்ப, அதுக்கு ஒரு பெரியவரோட ராத்திரித் தூக்கம் செலவாகும்னு தோணலை.

இப்பல்லாம் யாருக்கு டிக்கெட் போட்டாலும் முதல்ல அந்த '+1'ஐத்தான் தேடறேன். நீங்களும் தேடுங்க :-)