பிழை தேடிய படலம்

இயந்திரம் ஒன்று பழுதுற்றால், பழுது எங்கே உளது என்று நாடுவதினும், பழுது செய்தவர் யார் என்று நாடுவதே மக்கட்கு எளிதாக இருக்கின்றது. இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்கவில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் கணினி வலையைக் காக்கும் தொழிலில் அமர்ந்து பட்டறிந்தோம். அதனை நம் கல்லூரி அன்பர்கட்கு ஒளியாது உரைப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் பணி செய்த நிறுவனத்துக்கு இவ்விரண்டு ஊர்களிலும் அலுவலகங்கள் இருந்தன. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மண் பெரம்பலூருடையது. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டு ஆலைகளும் மலிந்தது அரியலூர். ஒரு மாவட்டமாய் இருந்து 2001-இல் பிரிந்து, 2002-இல் கூடி, 2007-இல் மீண்டும் பிரிந்தவை இவை. எம் இணைப்பும் அவ்வாறே கூடுவதும் பிரிவதுமாய் இருக்கின்றது என்று நண்பர் எம்மை நகையாடுவதுண்டு.

நிற்க. ஒரு நாட் காலை பத்து மணிக்கு அரியலூரினின்று தொலைபேசி ஒலித்தது. ஒரு கணினியேனும் வேலை செய்யவில்லை என்றும், மாணவர் உதவித்தொகைக்குரிய விண்ணப்பங்களை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும் என்றும் மேலாளர் பதறினார். “எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்” என்றோம். சில நொடி உயிர்பெற்றுப் பின்னும் மடிந்துவிட்டது என்றார். அச்செய்தியே ஒரு பெருங் குறிப்பு. யாமோ அதனைக் கேட்டும் கேளாதார் போலப் பேருந்து ஏறினோம்.

அரியலூர் சேர்ந்ததும், இணைப்புத் தரும் நிறுவனத்தாரே குற்றவாளிகள் என்று முடிவு கட்டி, அவர்களோடு ஒரு மணி நேரம் தொலைபேசியில் வாதாடினோம். தங்கள் தடம் செம்மையாக உளதென்று அவர்கள் மெய்ப்பித்தனர். அடுத்து, மேசையின் கீழ்க் கேபிள் ஒன்று இடம் பெயர்ந்து கிடக்கக் கண்டோம். காலையில் அவ்வறையைப் பெருக்கியவர் துப்புரவுப் பணி செய்யும் ஒரு மூதாட்டியார். அவரை அழைத்துக் கடிந்தோம். “பெருக்கினதோடு சரி, ஐயா; அந்தக் கம்பி ஒன்றையும் நான் தொடவில்லை” என்று அவர் கைகட்டி நின்றார். மேலாளரோ, “நாளை முதல் வரவேண்டா” என்று சொல்லிவிட்டார். யாம் வாளா இருந்தோம். கேபிளைச் சரிசெய்த பின்னும் வலை உயிர்பெறவில்லை.

அதன் பின்னரே எமக்கு அறிவு வந்தது. முதலிற் செய்ய வேண்டியதை மூன்றாவதாகச் செய்யத் தொடங்கினோம். அஃதாவது, அண்மையிலிருந்து சேய்மைக்குப் படிப்படியாகச் செல்லுதல். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பார் இயற்றிய ‘பிங்’ என்னும் சிறு கருவி இதற்கு உதவும். கிணற்றடியில் குரல் கொடுத்து எதிரொலி கேட்பது போன்றது அது. முதலில் 127.0.0.1 என்னும் முகவரியை அழைத்தோம். கணினி தன் குரலுக்குத் தானே விடை தந்தது. அடுத்து, வாயிலில் நிற்கும் ரௌட்டரை அழைத்தோம். பத்து அழைப்புக்கு ஒரு விடையே வந்தது. ஆகவே பிழை எம் சுவர்கட்குள்ளேயே உளது என்பது தெளிவாயிற்று.

பின்னர் ஸ்விட்ச்சை நோக்கினோம். ஆளில்லாக் கணினிகளுக்குரிய விளக்குகளும் ஓயாது ஒருங்கே மினுங்கின. இது வளையத்தின் அடையாளம். ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே ஸ்விட்ச்சிற் செருகப்பட்டால், யாவர்க்கும் உரிய அறிவிப்புச் செய்தி செக்கு மாடு போல முடிவின்றிச் சுழன்று, நொடிப்பொழுதிற் பெருகி, வழி முழுவதையும் அடைத்துவிடும். ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இல் வகுத்த முறை இதனைத் தடுக்கும். ஆயினும் மலிவான ஸ்விட்ச்சுகளில் அது பெரும்பாலும் இராது. அணைத்துப் போட்டதும் சில நொடி பிழைத்துப் பின் மடிந்ததன் காரணம் இதுவே.

கேபிள்களை ஒவ்வொன்றாக உருவினோம். பதினொன்றாவதை உருவியதும் விளக்குகள் அமைந்தன; வலை மீண்டது. அதனை அங்ஙனம் செருகியவர் யார்? எம் குறிப்பேட்டை விரித்தோம். முந்திய நாள் மாலை, அனைவரும் வீடு சென்ற பின்னர், எம் கையாலேயே எழுதியிருந்தோம்: “புதிய கேபிள் சோதித்தாயிற்று, தொங்கிய முனை செருகப்பட்டது.”

விண்ணப்பங்கள் நாலரை மணிக்குள் சென்று சேர்ந்தன. யாம் மேலாளரிடம் குறிப்பேட்டைக் காட்டி, அவரையும் அழைத்துக்கொண்டு வெளித்திண்ணையில் இருந்த மூதாட்டியாரிடம் சென்று, பிழை எம்முடையதே என்று சொல்லிப் பொறுத்தருள வேண்டினோம். “போகட்டும் தம்பி, நாளைக்கு வரலாம் அல்லவா?” என்றார் அவர். எம்மால் தலை நிமிர இயலவில்லை.

இத்தொழிலை மேற்கொள்ளும் இளைஞர்க்குச் சில கூறுவோம். இறுதியாகச் செவ்வனே இயங்கிய பின் மாறியது யாது என்று முதலில் வினவுக. ஒரு நேரத்தில் ஒன்றனையே மாற்றுக; மாற்றியதை எழுதி வைக்க. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்குவோனை அஃது எட்டவில்லை என்று அறிக. எண் முகவரிக்கு விடை வந்து பெயருக்கு வாராதாயின், பெயரை எண்ணாக்கும் டி.என்.எஸ். பகுதியை நோக்குக. பாதுகாப்புள்ள தளங்கள் யாவும் திறக்க மறுத்தால், கணினியின் நாட்காட்டியைப் பார்க்க. உள்ளிருக்கும் சிறு பாட்டரி ஓய்ந்து, தேதி பல ஆண்டு பின்சென்றிருத்தல் கூடும். அரியலூர்ச் சாலையின் வெண்துகள் விசிறியை அடைக்கும். மாதம் ஒருமுறை துடைக்க.

இவை அனைத்தினும் மேலான பாடம் ஒன்றும் அவ்வூரினிடமே உண்டு. 1956 நவம்பர் 23-ஆம் நாள், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்திற் சிதைந்து, சென்னையினின்று சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பாலத்தைக் கட்டியவரும் அல்லர், வண்டியை ஓட்டியவரும் அல்லர் ஆகிய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியார், பொறுப்பு எம்முடையது என்று பதவி துறந்தார். தாம் செய்யாத பிழையைத் தம்மேல் ஏற்றவர் அவர்; தாமே செய்த பிழையைப் பிறர்மேல் ஏற்ற முயன்றவர் யாம். இப்போதெல்லாம் பழுது என்று செய்தி வந்தால், முதற்கண் எம் குறிப்பேட்டையே விரிக்கின்றோம்.