பர்ஸும் ஒரு கோப்புதான்

பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் வாத்தியாருக்குச் சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் ஆசை அதிகம். 'போர்த்' என்றால் தாங்குவது, 'ஃபெய்' என்றால் இலை அல்லது தாள். இரண்டும் சேர்ந்தால் 'போர்த்ஃபெய்', தாள் தாங்கி. சில்லறை வைப்பதற்கு 'போர்த்மொனே' என்று வேறு சொல். அமைச்சரின் இலாகாவுக்கும் அதே போர்த்ஃபெய்தான். நாமோ எல்லாவற்றையும் 'பர்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். பலரும் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திணிப்பதற்கு அதுதான் காரணமோ என்னவோ!

பின்னாளில் மெட்ராஸ் வந்து அரசு அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன். அங்கே டாட்டன்ஹாம் முறை. எந்தக் கோப்பு முடிந்தாலும் அதை ஒரு வகையில் முடித்து வைக்க வேண்டும். ஆர்.டிஸ். என்றால் நெடுங்காலம் காக்க வேண்டியது, எல்.டிஸ். என்றால் சீக்கிரம் கழிக்க வேண்டியது. என் பர்ஸுக்கும் அதே முறைதான். மாதம் பிறந்து பென்ஷன் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். ஏ.டி.எம். சீட்டு எல்.டிஸ். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். சட்டைப்பைச் சூட்டிலேயே எழுத்து மங்கி, மூன்று மாதத்தில் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். அதைப் போய்ப் பத்திரப்படுத்துகிறவர்களை என்ன சொல்வது?

நோட்டு விஷயத்தில் நம் தலைமுறைக்கு ஒரு சங்கடம் உண்டு. பழைய நூறு ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், 73 அகலம். 2016 நவம்பர் 8 இரவுக்குப் பிறகு வந்த வரிசையில் பெரிய நோட்டுகளின் அகலம் 66 ஆகச் சுருங்கிவிட்டது. இப்போதைய நூறு 142 நீளம்தான். பழைய பர்ஸில் புது நோட்டு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். காய்கறிக்காரர் எதிரில் நின்றுகொண்டு விரலை விட்டுத் துழாவ வேண்டியிருக்கும். நான் பெரிய நோட்டைப் பின்னாலும் சின்னதை முன்னாலும் வைக்கிறேன். இருபதும் பத்தும் சட்டைப்பையில். தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் யாராவது பர்ஸைத் திறப்பார்களா?

பின்பாக்கெட்டில் வைப்பதை என்றோ விட்டாயிற்று. திருடர் பயம் ஒரு பக்கம், இடுப்பு இன்னொரு பக்கம். தடித்த பர்ஸின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து காலுக்கு இறங்கும் நரம்புவலி வருகிறது என்று 1978-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒருவர் எழுதிவிட்டார். அதற்குக் 'கிரெடிட் கார்டு பர்ஸ் சயாட்டிகா' என்று பெயர்கூட வைத்தார்.

இதெல்லாம் சௌகரியம் பற்றியது. நான் சொல்ல வந்தது வேறு.

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் எங்களோடு நடக்கும் ஒரு நண்பர், வங்கியில் ஓய்வு பெற்றவர், ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். நெற்றியில் ரத்தம், பேச்சு குழறுகிறது. 108-க்குச் சொல்லிவிட்டோம். தினமும் பார்க்கிறோம், 'வணக்கம் சார்' என்கிறோம். வீடு எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. செல்போன் கையில் இருக்கிறது, ஆனால் பூட்டு. "பர்ஸ்ல ஏதாவது நம்பர் இருக்கா பாருங்க சார்" என்றார் வாட்ச்மேன்.

பர்ஸ் நன்றாகத் தடித்திருந்தது. முருகன் படம், விபூதிப் பொட்டலம், நகைக்கடைக் கார்டு, மங்கிப்போன சீட்டுகள். பான் கார்டு இருந்தது. அதில் விலாசமும் கிடையாது, போன் நம்பரும் கிடையாது. ஆதாரில் இருந்தது பழைய வீட்டு விலாசம். ஆம்புலன்ஸில் வந்த பையன் கேட்டது ஒன்றே ஒன்று: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது எடுக்கறாரா?" யாரிடம் கேட்பது? தலையில் அடிபட்டவருக்கு அது முக்கியமான கேள்வி.

கடைசியில் உதவியது ஒரு மருந்துக்கடை பில். நான் பார்த்திருந்தால் எல்.டிஸ். என்று கழித்திருப்பேன். அதில் கடை நம்பர் இருந்தது. பேசினோம். கடைக்காரர் மாத்திரை வீட்டுக்கே அனுப்புகிறவராம். மாத்திரை பெயரையும் சொன்னார், வீட்டுக்கும் ஆள் அனுப்பினார். ஏறத்தாழ நாற்பது நிமிஷம் போய்விட்டது. நண்பர் பிழைத்தார், இப்போது கைத்தடியோடு இரண்டு சுற்று நடக்கிறார்.

அன்று மத்தியானமே ஒரு அட்டை வெட்டினேன். ஏ.டி.எம். கார்டு அளவு, 86-க்கு 54 மில்லிமீட்டர். அப்போதுதான் பர்ஸின் அறையில் சரியாக உட்காரும். பெயர், விலாசம், ரத்த வகை, சர்க்கரை மாத்திரை, ஒவ்வாத மருந்து, இரண்டு போன் நம்பர். முதலில் மகன் நம்பரைத்தான் எழுதப் போனேன். அவன் துலூஸில் இருக்கிறான். நான் பூங்காவில் விழும் நேரத்தில் அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும். அவன் பதறுவானே தவிர என்ன செய்வான்? மூன்றாம் மாடிக்காரர் நம்பரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, எழுதினேன். பேனா மை வியர்வையில் கரையும் என்று பென்சிலில் எழுதி மேலே செல்லோ டேப் ஒட்டினேன். திறந்ததும் முதலில் கண்ணில் படும் இடம் அதற்குத்தான்.

மற்றபடி என் பர்ஸில் இப்போது ஒரு ஏ.டி.எம். கார்டு, மாதத்துக்குப் பத்து என்று மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்களுக்குத் தரும் இலவச டோக்கன்கள், மருத்துவக் காப்பீட்டு அட்டை, கொஞ்சம் பணம். பின் நம்பர் எழுதிய துண்டு மட்டும் தப்பித்தவறியும் கூடாது. ஆதாரும் பானும் வீட்டுப் பீரோவில். எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, கார்டை முடக்குவதற்கான வங்கி நம்பரையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பர்ஸ் தொலைந்தால் அந்த நம்பர் பர்ஸுக்குள் இருந்து என்ன பிரயோசனம்?

மனைவிக்கும் ஓர் அட்டை தயார் செய்தேன். சுருக்குப்பையில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டு ஒருமுறை படித்துவிட்டு, "ஏங்க, ரத்த குரூப்பு சரி. வயசு எதுக்கு?" என்றாள். அழித்துக் கொடுத்தேன்.