பெரியப்பா கேட்ட ‘ஆரது?’

லாப்டொப்பின் வைஃபை அடாப்டரை நாமே அமைக்கப் போனால் இரண்டு பெட்டிகள் வரும். ஒன்று பாதுகாப்பு வகை, மற்றது மறைகுறியாக்க வகை. எங்களில் அநேகம் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. பாஸ்வேர்டைத் தட்டினோமா, யூடியூப் வந்ததா, சரி.

ஏன் இரண்டு என்று எனக்கே ஒழுங்காக விளங்கியது பெரியப்பாவுக்குத் தமிழில் சொல்லப் போய்த்தான். குடும்பத்தில் கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளை இருந்தால் சொந்தக்காரர் வீட்டு வைஃபை எல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில்தானே! அவருடைய பழைய லாப்டொப் புது ரவுட்டரோடு சேரவில்லை. “ரவுட்டரைப் பழைய மாதிரி மாத்திவிடு பிள்ளை” என்றார். அந்த லாப்டொப்பின் அடாப்டருக்குத் தெரிந்தது டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய முறை மட்டும். பேஸ்மென்டில் வாடகைக்கு ஆட்கள். முழு வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட்.

‘அங்கீகாரம்’, ‘மறைகுறியாக்கம்’ என்று அகராதிச் சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு இப்படிச் சொன்னேன்: கதவைத் தட்டினால் “ஆரது?” என்று கேட்கிறோமே, அது முதற்பெட்டி. உள்ளே வந்தவரோடு கதைப்பது பக்கத்து வீட்டுக்கு விளங்காமல் இருப்பது இரண்டாவது. அம்மாவும் பெரியம்மாவும் எழுத்துக்கு எழுத்து ‘க’ சேர்த்துக் கதைப்பார்கள். நாங்கள் ஒரு கிழமையில் பிடித்துவிட்டோம், ஏனென்றால் அதே ‘க’ திரும்பத் திரும்ப வந்தது. டபிள்யூ.ஈ.பி.யின் கதையும் ஏறக்குறைய அதுதான். ஒவ்வொரு பொதியோடும் சேரும் எண் 24 பிட் மட்டுமே, அதாவது சுமார் 1 கோடி 67 லட்சம் எண்கள். கூட்டமான வலையில் அவை சில மணி நேரத்தில் தீர்ந்து திரும்ப வரும். அந்த எண்ணைச் சாவியோடு சேர்த்த விதமும் பிழை. 1997இல் வந்த முறையின் ஓட்டை 2001இல் வெளியானது. 2007இல் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள்.

வங்கித் தளங்கள் தனியாகப் பூட்டுப் போட்டிருக்கும், உண்மை. வீட்டு பிரிண்டரும் கமராவும் எப்போதும் அப்படியில்லை. அதனால் ரவுட்டரைத் தொடவில்லை. மலிவான யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்று வாங்கி, உள்ளே இருந்ததை நிறுத்திவிட்டு, டபிள்யூ.பி.ஏ.2, ஏ.ஈ.எஸ். என்று இரண்டு பெட்டிகளையும் நிரப்பினேன். பேஸ்மென்ட்காரருக்கு விருந்தினர் வலை, வேறு பாஸ்வேர்ட். டபிள்யூ.பி.ஏ.2இல் வீட்டுப் பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர், நீங்கள் இணையும் கணத்தையும் பிடித்துவிட்டால், உங்கள் பொதிகளைப் பிரித்துப் படிக்கலாம். 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3தான் அதை அடைத்தது.

பெரியப்பா விடவில்லை. “அது என்னை ஆரெண்டு கேக்குது, சரி. அது ஆரெண்டு நான் எப்பிடிக் கேக்கிறது?”

வீட்டில், பாஸ்வேர்ட் தனக்குத் தெரியும் என்று ரவுட்டரும் காட்ட வேண்டும், அதை வெளியே சொல்லாமலே. பல்கலைக்கழகத்தில் எடுரோம் பாவிக்கிற உங்களுக்குத்தான் இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும். அங்கே பொதுப் பாஸ்வேர்ட் இல்லை. ஆளுக்கு ஆள் வேறு கணக்கு. எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சான்றிதழைப் பார்த்துத்தான் போன் முடிவு செய்யும். சில போன்களில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்றொரு தெரிவு உண்டு. அவசரத்தில் அதை அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். அழுத்தினால், அதே பெயரில் கபேயில் ஒருவன் வைத்த போலி வலையிலும் போன் போய் ஒட்டும். உங்கள் பாஸ்வேர்டை உடைத்தெடுக்கத் தேவையானதையும் தானாகக் கொடுத்துவிடலாம். மறைகுறியாக்கம் கச்சிதமாக இருக்கும், கதைப்பது கள்ளனோடு!

பல்கலைக்கழகம் தரும் நிறுவல் கோப்பைப் பாவியுங்கள். கையால் செய்வதென்றால் சான்றிதழையும் சர்வர் பெயரையும் அவர்கள் சொன்னபடி நிரப்புங்கள். முன்பு ‘சரிபார்க்க வேண்டாம்’ கொடுத்திருந்தால், அந்த வலையை ‘மறந்துவிடு’ என்று அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.