ஆட்டமும் கதையும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பரமபதம் ஆடுவார்கள். அந்தப் படத்தில் கதைக்குக் குறைவில்லை. புண்ணியத்துக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு. ஆனால் ஆடுகிறவன் இரண்டையும் செய்வதில்லை. தாயக்கட்டை விழுந்தபடி ஏறுகிறான், இறங்குகிறான். கதை ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம்.

ஜப்பானிய வீடியோ கேம்கள் பலவும் இப்படித்தான். 1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7'-இல் ஏரித் என்ற பெண் கொல்லப்படுகிறாள். ஆடியவர்கள் அழுதார்கள்; நியாயந்தான். ஆனால் சண்டையில் சாய்ந்தவர்களை அதுவரை மருந்து கொடுத்து எழுப்பியவன், அப்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறான். இதை ஒரு நாவலே செய்துவிடுமே!

2005-இல் ஃபுமிடோ உவேடா இயக்கிய 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' வேறு ரகம். இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் 16 பூதங்களைக் கொல்ல வேண்டும். வசனம் மிகக் குறைவு. சில பூதங்கள் நம் வழிக்கே வருவதில்லை. அவற்றின் உரோமத்தைப் பற்றி ஏறி வாளைச் செருகுவது நம் விரல்தான். பூதம் சரியும்போது ஒலிப்பதோ சோக இசை. வெற்றி இனிக்கவில்லை.

கொலைகாரனைப் பற்றி நான் எழுதினால் வாசகர் அவனைக் கண்டிப்பார், அல்லது இரங்குவார். 'நான் செய்தேன்' என்று சொல்லமாட்டார். அந்தச் சொல்லை வரவழைக்கிற ஆட்டத்தின் மீது எனக்குப் பொறாமை. கொஞ்சம் அச்சமும் உண்டு. அழுத்து என்றால், ஏன் என்று கேட்காமல் அழுத்திவிடுகிறோமே!